ஜன்னலில் ஒரு பாத்தி

"எங்களுக்கு நிலம் இல்லைங்க, மொட்டை மாடியும் கீழ்வீட்டுக்காரருக்குத்தான். நாங்க எங்க போய் இயற்கை விவசாயம் பண்றது?" நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் இப்படிக் கேட்காமல் இருந்ததில்லை. நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டில் வெயில் படுகிற ஜன்னல் இருக்கா? இருந்தால் ஆறு சதுர அடி நிலம் இருக்கிறது என்று அர்த்தம்.

பாகாயத்தில் என் வீட்டின் கிழக்கு ஜன்னலுக்கு வெளியே தோட்ட ஜன்னல் ஒன்று வைத்திருக்கிறேன். நாலடி அகலம். சுவரிலிருந்து ஒன்றரை அடி வெளியே நீளும் இரும்புச் சட்டம். அதில் நாலு தொட்டி. அணைக்கட்டு பக்கம் கொஞ்சம் நிலம் வைத்திருக்கும் எனக்கே இது தினமும் உதவுகிறது. நிலமே இல்லாதவருக்கு எவ்வளவு உதவும் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

குளிர் நாட்டுச் சரக்கு

தோட்ட ஜன்னல் என்று கடைகளில் விற்பது மூன்று பக்கமும் மேலேயும் கண்ணாடி போட்ட பெட்டி. அதன் மூலக்கதை லண்டனில் இருக்கிறது. 1829-இல் நதானியேல் வார்டு என்ற மருத்துவர், மூடிய கண்ணாடிப் புட்டிக்குள் பெரணிச் செடி தானாக முளைத்து வளர்வதைக் கவனித்தார். நிலக்கரிப் புகையால் அவருடைய தோட்டத்தில் பெரணிகள் பிழைக்கவில்லை. கண்ணாடிக்குள் பிழைத்தன. பிறகு ஜன்னலை ஒட்டிக் கண்ணாடிப் பெட்டி வைப்பது அங்கே நாகரிகமாகிவிட்டது. 1848-க்குப் பிறகு ராபர்ட் ஃபார்ச்சூன் சீனாவிலிருந்து தேயிலைச் செடிகளை இந்தியாவுக்குக் கொண்டுவந்ததும் வார்டு பெட்டிகளில்தான்.

கண்ணாடி வெயிலை உள்ளே விடும், சூட்டை வெளியே விடாது. குளிர் நாட்டில் அது வரம். நம்ம வேலூரில்? அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் கீரை விதைத்த மாதிரிதான் ஆகும். பட்டறை பாய் என்னிடம், "சார், நாலு பக்கமும் கண்ணாடி போட்டுடலாமா? லுக்கா இருக்கும்" என்றார். "வேண்டாம் பாய், கம்பி வலை போடுங்க. செடிக்குக் காத்துதான் லுக்கு" என்றேன்.

வார்டிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது கண்ணாடியை அல்ல, அவருடைய யோசனையை. காற்று கெட்ட ஊரில் அவர் நல்ல காற்றுக்கு ஒரு பெட்டி செய்தார். மண்ணும் நீரும் கெட்ட வட்டாரத்தில் நாம் நல்ல மண்ணுக்கும் நல்ல நீருக்கும் ஒரு பெட்டி செய்கிறோம்.

எந்த ஜன்னல்?

கிழக்கு ஜன்னல்தான் முதல் தேர்வு. காலை வெயில் மூன்று நாலு மணி நேரம் கிடைத்தால் கீரைக்குப் போதும். தெற்கு ஜன்னலுக்கு ஐப்பசி முதல் மாசி வரை நல்ல வெயில் வரும். நம் ஊர் ஏறக்குறைய 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சி வெயில் வடக்குப் பக்கம் சாய்ந்துவிடும். அப்போது தெற்கு ஜன்னல் நிழலில் இருக்கும். மேற்கு ஜன்னலில் கீரை வாடிவிடும். அங்கே பசலைக் கொடியை ஏற்றிவிடுங்க. செடிக்கும் லாபம், அறைக்கும் குளிர்ச்சி. சித்திரை, வைகாசியில் எந்தத் திசையானாலும் 50 சதவீத நிழல் வலை கட்டுவது நல்லது.

எடைக் கணக்கு

நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், அரை அடி உயரம் என்றால் மூன்று கன அடி, அதாவது சுமார் 85 லிட்டர். வெறும் மண்ணை நிரப்பி நனைத்தால் 140 கிலோவுக்கு மேல் போகும். ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மட்கிய தொழு உரம், இரண்டு பங்கு தென்னை நார்க்கழிவு என்று கலந்தால் நூறு கிலோவுக்குள் அடங்கும். நார்க்கழிவை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழிந்த பிறகே சேர்க்க வேண்டும். அதிலும் உப்பு இருக்கும்.

இந்தச் சுமையைச் சன்ஷேட் மேல் வைக்கவே கூடாது. அது மழைக்கும் வெயிலுக்கும் போட்டது, சுமைக்கு அல்ல. எல் ஆங்கிளில் முக்கோணத் தாங்கி செய்து, சுவரில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். கீழே ஆள் நடமாடும் இடமானால் தொட்டிகளைச் சட்டத்தோடு கம்பியால் கட்டுங்க. ரெட் ஆக்சைடு அடித்து, மேலே பெயிண்ட் இரண்டு கோட். வாடகை வீடானால் சுவரைத் துளைக்கும் முன் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்க. தொட்டிக்கு அடியில் ஒரு தகரத் தட்டைச் சற்றே சாய்வாக வைத்தால் வடிநீர் ஒரு மூலைக்கு வந்து வாளியில் விழும். தண்ணீர் தேங்கினால் டெங்கு கொசு வரும். அணில், குரங்கு வரும் தெருவானால் கம்பி வலை கட்டாயம்.

மண்ணும் தண்ணீரும்

வங்கியில் வேலை பார்த்த காலத்தில் ஆம்பூர், பேரணாம்பட்டு பக்கம் விவசாயக் கடன் மனுவோடு வருகிறவர்கள் சொன்ன ஒரு வாக்கியம் இன்னும் காதில் இருக்கிறது: "கிணத்துல தண்ணி இருக்குது சார், ஆனா பயிருக்கு ஆகாது."

இது ஏதோ ஒருவர் இருவரின் குறை அல்ல. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பில், தோல் பதனிடும் வட்டாரத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது பதிவாகி இருக்கிறது. மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டதும் அந்தத் தீர்ப்பில்தான். 2025 ஜனவரி 30 அன்று இதே பாலாற்று மாசு குறித்து உச்ச நீதிமன்றம் மறுபடியும் உத்தரவு போட வேண்டி வந்தது. பிரச்சினை முடியவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

தோல் கெடாமல் இருக்க உப்புப் போடுகிறார்கள். பதனிட குரோமியம் சேர்க்கிறார்கள். குரோமியத்தில் ஒரு பகுதி மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். உப்போ நீரோடு போய்க்கொண்டே இருக்கும். காய்ச்சினாலும் துணியில் வடிகட்டினாலும் உப்புப் போகாது. நிலத்திலாவது மழை வந்து கழுவும். அரை அடித் தொட்டியில் ஊற்றுகிற உப்பெல்லாம் அங்கேயே சேரும். அதனால் ஜன்னல் தோட்டத்துக்கு நாலு விதிகள்:

ஒன்று, தண்ணீரை அளந்து பார்க்காமல் விதைக்காதீங்க. கைக்கு அடக்கமான டி.டி.எஸ். மீட்டர் போதும். உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் அளவுப்படி லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தால் பயமில்லை. 450 முதல் 2000 வரை கவனம் தேவை. அதற்கு மேல் வேண்டாம். குரோமியம் இந்த மீட்டரில் தெரியாது. சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் அதற்கென்று தனியாகச் சோதிக்கச் சொல்லுங்க. மண், நீர் பற்றி விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஆலோசனை கேட்கலாம்.

இரண்டு, ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீங்க. வீணாகிறதே என்று மனசு கேட்காதுதான். ஆனால் நாம் குடிக்கும் தண்ணீரில் கழிந்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கு. அதில் வாசல் கழுவலாம். செடிக்கு அரிசி களைந்த நீர், ஏ.சி. தண்ணீர், பிடித்து வைத்த மழைநீர் நல்லது.

மூன்று, லாரி மண்ணோ ஏரி வண்டலோ வந்தால் எந்த ஊர், எந்த ஏரி என்று கேளுங்க. கழிவு கலந்த ஏரி வண்டல் வேண்டவே வேண்டாம். உரக்குழியில் தோல் துண்டு, தோல் சீவல் எதையும் போடாதீங்க.

நாலு, மாதம் ஒரு முறை மழைநீரை நிறைய ஊற்றி, அடியில் வடிய விட்டு மண்ணைக் கழுவுங்க. அந்த வடிநீரை மறுபடி தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

நாலு தொட்டி, நாலு வாரம்

வாரம் ஒரு தொட்டியில் சிறுகீரை விதைக்கிறேன். நாலாவது தொட்டி விதைத்து முடிக்கும்போது முதல் தொட்டி பிடுங்கத் தயார். அதனால் வாரம் ஒரு நாள் வீட்டுக் கீரைதான் சமையல். குளிர் மாதங்களில் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும் போடலாம். ஓரங்களில் புதினா, கற்பூரவல்லி. மாவுப்பூச்சி தெரிந்த அன்றே ஈரத்துணியால் துடைத்துவிட்டு வேப்பங்கொட்டைக் கரைசல் தெளிப்பேன். பதினைந்து நாளுக்கு ஒரு தரம் லிட்டருக்கு 30 மில்லி பஞ்சகவ்யம். இலவம்பாடி முள்ளுக்கத்தரியை மட்டும் இங்கே முயற்சிக்க வேண்டாம். அதற்கு முழு வெயிலும் காலை நீட்ட நிலமும் வேண்டும்.

ஆனால் அதன் நாற்றை இங்கே விடலாம். நிலம் உள்ளவருக்கு இந்த ஜன்னல் நாற்றங்கால். கத்தரி நாற்று ஒரு மாதம், மிளகாய் நாற்று நாற்பது நாள் வரை கண் பார்வையிலேயே வளரும். சேமித்த விதையில் நூறு எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி நிழலான மூலையில் வைத்தால் முளைப்புத் திறன் தெரிந்துவிடும். கடன் கொடுக்கும் முன் விசாரிப்பதில்லையா? விதைக்கும் முன் விதையையும் விசாரிக்க வேண்டும்.

35,000 ஹெக்டேருக்கு ஆறு சதுர அடி ஈடாகாது. அந்த நிலத்துக்கான குரலை நாம் விட்டுவிடவும் கூடாது. ஆனால் ஜன்னலில் கீரை வளர்க்கிற வீட்டில், இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருது, இந்த மண் யாருடையது என்ற கேள்வி தினமும் எழும். அந்தக் கேள்வியைக் கேட்கும் வீடுகள் பெருகினால்தான் நம் குரலுக்கும் பலம்.

ஐப்பசி மழைக்கு முன் சட்டத்தை மாட்டிவிட்டால் மழைநீரிலேயே முதல் விதைப்பைத் தொடங்கலாம். பட்டறைக்குப் போவதற்கு முன் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரை அளந்து பார்த்துவிடுங்க.