இரவை விற்கும் விடுதியும் பகலை விற்கும் விடுதியும்

செங்கற்பட்டு மாவட்டத்தின் வரைபடத்தை மேஜைமேல் விரித்து, மேற்கே மறைமலைநகரை ஒட்டிச் செல்லும் ஜி.எஸ்.டி. சாலையையும், நடுவே கேளம்பாக்கம், திருப்போரூர் வழியாகத் தெற்கே இறங்கும் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் சாலையையும், அலையோசை காதில் விழும் தூரத்திலேயே கிடக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலையையும் சற்று நிதானமாகப் பார்த்தால், குழந்தை குட்டிகளோடு தீம் பார்க்குக்குப் புறப்படுகிற ஒரு குடும்பஸ்தர் இரவில் எங்கே தங்குவது என்ற கேள்விக்குரிய விடையில் பாதி அந்த மூன்று கோடுகளிலேயே அடங்கியிருப்பது விளங்கும். மற்றப் பாதி, விடுதி என்கிற விசித்திரமான யந்திரம் எப்படி ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்வதில் இருக்கிறது.

இந்தப் பிரதேசத்துக்குக் கேளிக்கைப் பூங்கா புதிதல்ல. ஈஞ்சம்பாக்கத்து வி.ஜி.பி.யின் சிலை மனிதரைச் சிரிக்கவைக்க முயன்று தோற்ற குழந்தைகள் இன்று பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள், ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன் தாம்பரத்துக்கு அருகே கிஷ்கிந்தாவை ஏற்படுத்தினார், முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். வந்தது. ஆயினும் 2025 டிசம்பரில் திருப்போரூரை அடுத்த இள்ளலூரில் வொண்டர்லா திறக்கப்பட்டதோடு கணக்கு மாறிவிட்டது. அறுபத்து நான்கு ஏக்கர் பரப்பில், தண்டவாளத்துக்குக் கீழே மனிதரைத் தொங்கவிட்டுச் சுழற்றும் சுவிட்சர்லாந்து ரோலர் கோஸ்டர் உட்பட நாற்பதுக்கும் மேற்பட்ட ராட்டினங்களையும் நீர்விளையாட்டுகளையும் கொண்ட அந்த இடத்தைச் சாவகாசமாகச் சுற்றிப் பார்க்க ஒரு முழுப் பகல் வேண்டும். மதுரையிலிருந்தோ சேலத்திலிருந்தோ வருகிறவருக்கு முந்தின இரவும் வேண்டும், பிந்தின இரவும் வேண்டும்.

இனி யந்திரத்துக்கு வருவோம். கடைக்காரர் இன்று விலைபோகாத புடவையை நாளைக்கு விற்கலாம். விடுதிக்காரர் இன்றிரவு பூட்டிக் கிடந்த அறையை எந்த நாளும் விற்க முடியாது. விமானத்தின் காலி இருக்கையும் இதே ஜாதிதான். 1978-இல் அமெரிக்காவில் விமானக் கட்டணங்களின்மேல் இருந்த அரசாங்கக் கட்டுப்பாடு நீங்கியபின், ஒரே இருக்கையை நாளுக்கொரு விலையில், தேவையை முன்கூட்டி மதிப்பிட்டு விற்கும் வித்தையை அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனி வளர்த்தெடுத்தது. அதைப் பார்த்து அடுத்த சில ஆண்டுகளில் மாரியட் விடுதிக் குழுமம் தன் அறைகளுக்கும் அதே முறையைக் கொண்டுவந்தது. இன்று மாமல்லபுரத்துக் கடலோர ரிசார்ட் ஒன்றின் கட்டணம் செவ்வாய்க்கிழமை ஒன்றாகவும் சனிக்கிழமை வேறொன்றாகவும் இருப்பதற்கு வேர் அங்கே இருக்கிறது.

ஆனால் எல்லா விடுதிக்கும் ஒரே நாளில் கிராக்கி ஏறுவதில்லை. மறைமலைநகர், மகேந்திரா வேர்ல்டு சிட்டி, சிறுசேரி சிப்காட் ஆகிய இடங்களை நம்பிப் பிறந்த விடுதிகள் தொழிற்சாலைக்கும் கம்ப்யூட்டர் கம்பெனிக்கும் அலுவல் நிமித்தம் வருகிறவர்களுக்காகக் கட்டப்பட்டவை. திங்கள் மாலை பெட்டியும் கையுமாக வரும் அந்த உத்தியோகஸ்தர்கள் வெள்ளி மாலை விமானம் ஏறிவிடுவார்கள். அதன்பின் அந்த விடுதிகளின் தாழ்வாரங்களில் ஈ, காக்கை இராது. கடற்கரைச் சாலை ரிசார்ட்டுகளோ வெள்ளி இரவில்தான் விழித்தெழுகின்றன; ஞாயிறு மத்தியானம் செக்-அவுட் ஆனதும் தூங்கப் போய்விடுகின்றன. ஆகவே சனி, ஞாயிறைத் தவிர வேறு நாள் கிடைக்காத குடும்பம் ஓ.எம்.ஆர். அல்லது ஜி.எஸ்.டி. சாலையின் நடுத்தர விடுதியை நாடினால், அவ்விடுதி தன் வெறுமையை நிரப்பிக்கொள்ளக் குறைத்த விலைக்கு நல்ல அறை பெறலாம். பரீட்சை முடிந்து செவ்வாயும் புதனும் புறப்படக்கூடிய குடும்பம் கடலோரத்தில் விசாரித்தால், ஆடம்பர விடுதியே நடுத்தர விலைக்குப் பக்கத்தில் இறங்கி வந்திருப்பதைக் காணலாம். கிறிஸ்துமஸ் முதல் பொங்கல்வரை இந்தக் கணக்கு பலிக்காது. அப்போது கடலோரத்தில் எல்லா நாளும் சனிக்கிழமைதான்.

ஆடம்பர விடுதியின் விலை ஏன் அத்தனை உயரத்தில் நிற்கிறது? விடுதித் தொழிலில் வழிவழியாக வரும் ஓர் உத்தேசக் கணக்கு உண்டு: ஓர் அறையை உண்டாக்க நிலம், கட்டடம் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஆகிறதோ, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு நாள் வாடகையாகக் கிடைத்தால்தான் முதலுக்கு மோசம் வராது. ஓர் அறைக்கு ஐம்பது லட்சம் பிடித்தால் ஐயாயிரம். ஒரு கோடி பிடித்தால் பத்தாயிரம். கட்டிலும் மெத்தையும் இரண்டு இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகையால் அந்த வித்தியாசம் அறைக்கு வெளியே இருக்கிறது. தோட்டம், குளம், கடலைப் பார்த்த முற்றம் ஆகியவற்றுக்குரிய நிலத்தின் விலை அதில் முதலாவது. 1991-இல் வந்த கடலோர ஒழுங்குமுறை அறிவிக்கை, ஊர்ப்புறக் கடற்கரைகளில் உயர் அலைக் கோட்டிலிருந்து பொதுவாக 200 மீட்டர்வரை புதுக் கட்டடம் கூடாதென்று தடுத்துவிட்டதனால், அதற்கு முன்பே மணலில் கால் ஊன்றிவிட்ட பழைய விடுதிகளுக்குத் தனி மவுசு ஏற்பட்டது. கோவளத்தில் பழைய கோட்டை ஒன்று இருந்த இடத்தில் 1974-இல் எழுந்த தாஜ் விடுதி அப்படிப்பட்டது. 2019 அக்டோபரில் சீன அதிபரைச் சந்திக்க வந்த பிரதமர் தங்கியது அங்கேதான். மாமல்லபுரத்தில் மத்திய அரசாங்கத்தின் சுற்றுலாக் கழகம் ‘டெம்பிள் பே அசோக்’ என்ற பெயரில் நடத்தி, 2002-இல் தனியாருக்கு விற்ற விடுதி, இன்று ராடிசன் புளூ என்ற பலகையோடு பல ஏக்கரில் பரந்து கிடக்கிறது.

அடுத்தது ஆள். ஆடம்பர விடுதியில் அறை ஒன்றுக்கு ஓர் ஊழியருக்கு மேல் இருப்பார். நடுத்தர விடுதியில் அந்த விகிதம் வெகுவாகக் குறையும். குளத்தருகே துவாலை மடித்துத் தருகிறவர், குழந்தைகளுக்கு மண்பானை வனையச் சொல்லிக் கொடுக்கிறவர், மாலை நான்கு மணிக்குப் பஜ்ஜி போடுகிறவர், தோட்டத்தில் குழல்விளக்கைத் துடைக்கிறவர் என்று இவர்களெல்லாம் எப்போது வேலை செய்கிறார்கள் என்பதைக் கவனித்தால், விஷயம் வெட்டவெளிச்சமாகும்: பகலில். நடுத்தர விடுதி விற்பது இரவை. ஆடம்பர விடுதி இரவோடு சேர்த்துப் பகலையும் விற்கிறது, அதன் விலையில் பெரும்பங்கு அந்தப் பகலுக்கே உரியது. தீம் பார்க்கும் பகலைத்தான் விற்கிறது. முற்பகலில் பூங்காவுக்குள் நுழைந்து பொழுது சாயும்போது வெளியே வரும் குடும்பம் அதே தேதியில் கடலோர ரிசார்ட்டிலும் அறை வைத்திருந்தால், ஒரே பகலுக்கு இரண்டு இடத்தில் பணம் கட்டியதாகும் என்பதே என் கட்சி.

இதற்கு நீச்சல் குளத்தைவிடக் கண்கூடான அத்தாட்சி வேறில்லை. பளிங்குபோல் அசையாமல் கிடப்பதாகத் தோன்றும் அந்த நீர், உண்மையில் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கிறது. விளிம்புக் கால்வாயில் வழிகிற தண்ணீரை மோட்டார் இழுத்து, முடியும் சருகும் வடிகட்டும் கூடையின் வழியாகத் தள்ளி, மணல் நிரம்பிய பெரிய உருளைக்குள் செலுத்தி அழுக்கை நீக்கி, குளோரின் கலந்து, சுவரிலுள்ள துளைகள் மூலம் குளத்துக்கே திருப்புகிறது. நன்றாகப் பராமரிக்கும் இடத்தில் நாலு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குளத்து நீர் அவ்வளவும் இவ்விதம் ஒரு சுற்று வந்துவிடும். கார அமில அளவு 7.2-க்கும் 7.8-க்கும் இடையே நிற்க வேண்டும். அதற்கு மேலே போனால் குளோரின் வீரியம் குன்றும், கீழே போனால் கண் எரியும். குளத்தருகே போனதும் மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தால், ‘மருந்து தாராளமாகப் போட்டிருக்கிறார்கள்’ என்று திருப்தியடைவது நம்மவர் வழக்கம். உள்ளபடி அந்த நெடி, குளோரின் வேர்வையோடும் சிறுநீரோடும் சேர்ந்து உண்டாக்கும் கூட்டுப் பொருளுடையது. கிருமியைக் கொல்லத் தனித்திருக்க வேண்டிய குளோரின் அங்கே குறைந்துவிட்டது என்பதற்கே அது அறிகுறி. நாள் முழுதும் குழந்தைகள் கலக்கிய நீர் இரவில் தெளிய வேண்டும், காவலரும் வீடு போக வேண்டும். ஆகையால் அநேக விடுதிகளில் மாலை ஏழு மணிக்கெல்லாம் குளத்தை மூடிவிடுகிறார்கள். இள்ளலூரிலிருந்து நெரிசலில் ஊர்ந்து மாமல்லபுரம் வந்துசேரும் குடும்பம், எந்தக் குளத்தின் புகைப்படத்தைக் கண்டு மயங்கி அறை பதிவு செய்ததோ, அந்தக் குளத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருப்பதைத்தான் பார்க்கும். கடலாவது இருக்கிறதே என்றால், இக்கரையில் அடிநீரோட்டம் பொல்லாதது. குழந்தைகளை இறக்கத் தக்கதல்ல.

ஆகவே பூங்காவுக்குப் போகும் நாளுக்கு முந்தின இரவும் பிந்தின இரவும் திருப்போரூர், கேளம்பாக்கம் பக்கத்து நடுத்தர விடுதியில் கழியட்டும்; கையில் காசிருந்தால் மூன்றாம் நாளைக் கடலோர ஆடம்பரத்துக்கென்று முழுதாக ஒதுக்கி, செக்-இன் நேரத்துக்கு முன்பே போய்ச் சேர்ந்து, மறுநாள் செக்-அவுட்வரை வெளிவாசலைத் தாண்டாமல் இருப்பதே கொடுத்த பணத்துக்கு நியாயம். திருப்போரூரிலிருந்து கடற்கரைச் சாலைக்கு அதிக தூரமில்லை. நெம்மேலிக்கும் மாமல்லபுரத்துக்கும் நேரே சாலைகள் உண்டு.

சர்க்காரின் வரிக்கணக்கும் இவ்விஷயத்தில் ஒரு கோடு கிழித்திருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய்வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம், அதற்கு மேற்பட்டால் 18. வாடகை 7,500 என்றால் வரியுடன் 7,875. அதுவே 7,600 ஆனால் 8,968. நூறு ரூபாய் ஏற்றத்துக்கு ஆயிரத்துத் தொண்ணூற்று மூன்று ரூபாய் கூடுதலாக அழ வேண்டியிருக்கிறது. இந்தக் கோட்டுக்கு மேற்பட்ட விடுதிகளுக்குள் இயங்கும் உணவகங்களிலும் வரி 18 சதவீதம், மற்ற இடங்களில் 5. மூவாயிரம் ரூபாய்க்கு நால்வர் சாப்பிட்டால் வரி மாத்திரம் 540-ஆ 150-ஆ என்பது விடுதியைப் பொறுத்தது. நட்சத்திரப் பலகையை மாத்திரம் நம்புகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் குழு வந்து பார்த்து ஐந்தாண்டுக்கு வழங்கும் அந்த நட்சத்திரம், விடுதியார் தாமாக விண்ணப்பித்தால் கிடைப்பது, அது சௌகரியங்களை எண்ணிப் பார்க்குமேயன்றி, பூங்காவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்பதில்லை.

பூங்காவும் விடுதியும் ஒரே கையில் இருந்தால் என்ன என்ற யோசனை வால்ட் டிஸ்னிக்கு அனுபவத்தில் பிறந்தது. 1955-இல் கலிபோர்னியாவில் டிஸ்னிலாண்டைத் திறந்தபோது விடுதி கட்டக் கையில் பணமில்லாமல், ஜாக் ராதர் என்பவரைக் கட்டச் சொன்னார். சுற்றிலும் மற்றவர்கள் மளமளவென்று மோட்டல்களை எழுப்பி, அவர் கூட்டிய ஜனத்தை வைத்துச் சம்பாதித்தார்கள். அந்த எரிச்சல் தீரப் புளோரிடாவில் சுமார் 27,000 ஏக்கரைப் பேர் வெளிவராமல் வாங்கினார். அவர் மறைவுக்குப்பின் 1971-இல் அங்கே பூங்காவோடு திறந்த கன்டெம்பரரி விடுதியில், குளியலறை முதற்கொண்டு முழுமையாகத் தயாரான எஃகு அறைகளை, மேஜையில் இழுப்பறையைச் செருகுவதுபோல், கிரேனால் தூக்கிச் சட்டத்துக்குள் செருகினார்கள். பூங்காவுக்குச் செல்லும் மோனோரயில் அவ்விடுதியின் நடுக்கூடத்துக்குள்ளேயே புகுந்து போகிறது. அங்கே ஆடம்பரத்துக்கு அர்த்தம் உண்டு. ஏனெனில் களைத்த குழந்தையை மத்தியானம் அறைக்குக் கொண்டுவந்து தூங்கவைத்து, மாலையில் மறுபடி பூங்காவுக்கு அழைத்துப் போகலாம், பகலின் ஒரு பங்காவது விடுதிக்குக் கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பங்கள் வெளியே போவதைக் கண்ட அதே நிறுவனம் 1988-இல் இடைத்தர விடுதியையும், 1994-இல் மலிவு விடுதியையும் திறந்தது. நம் பக்கத்தில் இதற்கு உதாரணம், பெங்களூரு வொண்டர்லாவை ஒட்டி அந்தக் கம்பெனியே நடத்தும் தங்குவிடுதி.

அறை பதிவு செய்யுமுன் ரிசெப்ஷனுக்கு ஒரு போன் போட்டுச் சில சின்ன விஷயங்களைக் கேட்டுவிடுவது நலம். பூங்கா குழந்தையை உயரத்தால் அளக்கிறது. விடுதி வயதால் அளக்கிறது. வயதுக்கு மீறி வளர்ந்த பத்து வயதுப் பையனுக்குப் பூங்காவில் பெரியவர் டிக்கெட் விழலாம். விடுதியில் அவன் இன்னும் குழந்தை. பன்னிரண்டு நிரம்பிய சின்ன உருவப் பெண்ணுக்கு நிலைமை நேர்மாறு. விடுதியில் எக்ஸ்ட்ரா பெட் கட்டணம் கேட்பார்கள். தாத்தா பாட்டியும் உடன் வந்தால், உள்கதவால் இணைந்த இரண்டு அறைகள் நடுத்தர விடுதியிலும் சில இடங்களில் உண்டு; ஒரு பெரிய ஆடம்பர அறையைவிட அவை சேர்ந்தே மலிவாக அமையும். காலைச் சிற்றுண்டி வாடகையில் அடக்கமா என்று கேட்க வேண்டும். பூங்கா திறப்பது முற்பகலில், வெளி உணவை அநேகமாக உள்ளே விடமாட்டார்கள், ஆகவே பஃபேயில் நிதானமாக உட்கார்ந்து இட்லி, பொங்கல், தோசை என்று ஒரு பிடி பிடிக்க நேரம் இருக்கிறது. கடைசியாக, நனைந்த துணி. நீர்விளையாட்டு முடிந்து நாலு பேருடைய ஈரத் துணியும் இரவுக்குள் காய வேண்டும். பால்கனியில் துணி தொங்கவிடக் கூடாதென்று ஆடம்பர விடுதியில் விதி இருக்கும், நடுத்தர விடுதியில் பால்கனியே இராது. குளியலறைச் சுவரில் ஷவருக்கு எதிரே வட்டமான சிறு எஃகு மூடி ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். அதைப் பிடித்து இழுத்தால் உள்ளே சுருண்டிருக்கும் கொடிக்கயிறு வெளிவரும், எதிர்ச்சுவரில் அதை மாட்டக் கொக்கியும் இருக்கும்.