பாடகன் மறைவும் இரசிகர் துயரும்

ஒரு வீட்டிலே மரணம் நேர்ந்தால் அவ்வீட்டார் செய்ய வேண்டிய கருமங்கள் பல உள. உறவினருக்குச் சொல்லி அனுப்புதல், பந்தலிடுதல், கிரியை செய்தல், எட்டாம் நாள், முப்பத்தோராம் நாள் என நாள்களை எண்ணுதல் ஆகிய இவையெல்லாம் துக்கத்தைத் தாங்கிக்கொள்வதற்கென முன்னோர் கட்டிவைத்த படிகள். அயலவர் வந்து வாசலில் அமர்கின்றனர். எவரும் அவர்களை ஏன் வந்தீர் என்று கேட்பதில்லை. ஆயின், இறந்தவரை ஒரு நாளேனும் நேரிற் கண்டிராதவன், அவருடைய குரலை மாத்திரம் பல்லாண்டுகள் கேட்டு வந்தவன், எந்த வாசலிற் சென்று அமர்வான்?

இவ்வினா 1980ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆந் திகதி இரவு பெருந்தொகையான மக்களின் முன் ஒரே வேளையில் வந்து நின்றது. ஜோன் லெனன் என்னும் ஆங்கிலப் பாடகர் அன்றிரவு 10.50 மணியளவில், ஒலிப்பதிவுக் கூடத்திலிருந்து மனைவி யோக்கோ ஓனோவுடன் தமது நியூயோர்க் இல்லத்துக்குத் திரும்பினார். சென்றல் பார்க் என்னும் பெரும் பூங்காவின் மேற்குப் புறத்தில், 72ஆம் வீதி முடக்கிலே, டக்கோட்டா என்ற பழைய மாடிக் கட்டடம் உண்டு. அதன் வாயிலிலேயே அவர் சுடப்பட்டார். பொலிஸார் தமது காரிலேயே அவரை மருத்துவமனைக்கு ஏற்றிச் சென்றனர். மணி பதினொன்றைக் கடந்த சில நிமிடங்களில், உயிர் பிரிந்துவிட்டதென வைத்தியர் அறிவித்தனர். அப்பொழுது அவருக்கு வயது 40.

லெனன் லிவர்பூல் துறைமுக நகரிற் பிறந்தவர். அந்நகரத்து இளைஞர் மூவருடன் சேர்ந்து அவர் பாடிய குழுவே பீற்றில்ஸ் என்பது. 1964ஆம் ஆண்டு பெப்ரவரியில் அந்நால்வரும் அமெரிக்கத் தொலைக்காட்சியில் முதன்முதல் தோன்றியபோது அவர்களைப் பார்த்தோர் தொகை 7 கோடியே 30 இலட்சம் என்று கணக்கிடப்பட்டது. அன்று பதினைந்து வயதினராய் இருந்து பார்த்தவர்கள், 1980இல் முப்பதைக் கடந்து, தொழிலும் குடும்பமும் உடையவராய் இருந்தனர். 1970இலே குழு பிரிந்துவிட்டது. எனினும், நால்வரும் மீண்டும் ஒரு நாள் ஒரு மேடையில் நிற்பர் என்ற நம்பிக்கையை இரசிகர் பத்தாண்டு காலம் கைவிடவில்லை. 1975 முதல் லெனன் பாட்டுத் தொழிலை விட்டு ஒதுங்கி, தம் இளைய மகனை வளர்ப்பதிற் காலம் கழித்தார். 1980 நவம்பர் நடுப்பகுதியில் அவருடைய புதிய இசைத்தட்டு வெளிவந்தது. ஐந்தாண்டு மௌனத்தின் பின் மீண்டும் கேட்ட அக்குரல் மூன்று வாரங்களுக்குள் ஓய்ந்தது. ஒரு மனிதரின் உயிரோடு, நான்கு பேரின் மறுகூட்டமும் அன்று இறந்துபோயிற்று. இரசிகர் எதை இழந்தனர் என்று கேட்போருக்கு இது முதல் விடை. மற்றைய விடை, அவர்கள் தத்தம் இளமையை வைத்திருந்த இடத்தை இழந்தனர் என்பதே.

செய்தி பரவிய விதமும் புதுமையானது. மியாமியில் நடைபெற்ற உதைபந்தாட்டப் போட்டியொன்று நாடெங்கும் தொலைக்காட்சியிற் சென்றுகொண்டிருந்தது. ஆட்டத்தின் இறுதி வேளையில் வர்ணனையாளர் இடையே நிறுத்தி இம்மரணத்தை அறிவித்தார். விளையாட்டைப் பார்க்க உட்கார்ந்திருந்த கோடிக்கணக்கானோர், தத்தம் வீட்டுக் கூடத்திலேயே, எவ்வித ஆயத்தமுமின்றி அதைக் கேட்டனர். உடனே வானொலி நிலையங்கள் லெனனின் பாட்டுகளை ஒலிக்கத் தொடங்கின. சிறிது நேரத்துள் டக்கோட்டாவின் இரும்புக் கதவின் முன்னே மக்கள் திரளலாயினர். மலர், மெழுகுதிரி, கிற்றார், சிறு வானொலிப் பெட்டி என்று கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டு வந்தனர். எவரும் அவர்களை அழைக்கவில்லை. அவர்களுட் பலர் ஒருவரையொருவர் அறியாதவர். எனினும் ஒருவர் பாட்டைத் தொடங்க, அருகே நின்றவர் அடுத்த அடியைப் பாடினார். அப்பாட்டுகள் எல்லாருக்கும் மனப்பாடம். அந்த இரவில் அவர்களிடையே இருந்த உறவுமுறை அது ஒன்றே.

இத்துயரிலே கசப்பான ஒரு கூறும் உண்டு. கொலையாளியின் பெயர் இங்கு வேண்டியதில்லை. அவன் நாடியதும் பெயர்தான் போலும். அவன் அன்று பிற்பகல் அதே வாயிலில் இரசிகர்களுள் ஒருவனாக நின்று, லெனனிடம் புதிய இசைத்தட்டின் உறையில் ஒப்பம் பெற்றுக்கொண்டவன். நியூயோர்க்கிலே மெய்க்காவலர் இன்றி வீதியில் நடக்க முடிகின்றதே என்று மகிழ்ந்தவர் லெனன். இரசிகனுக்கு எட்டும் தூரத்தில் அவர் வாழ்ந்தார். அந்தத் தூரத்தினூடாகவே மரணம் வந்தது. ஆதலினால் வாயிலில் நின்று அழுதோரின் துயருடன், காரணம் சொல்லத் தெரியாத ஒரு வெட்கமும் கலந்திருந்தது.

காணாத ஒருவருக்காக அழுவது மெய்யான துக்கமா என்று ஐயுறுவோர் அன்றும் இருந்தனர், இன்றும் இருக்கின்றனர். தமிழ் கற்றோர் இவ்விடத்திற் பிசிராந்தையாரை நினைப்பர். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, தன்னை ஒருகாலும் கண்டிராத அப்புலவருக்கு அருகே இடம் ஒதுக்கச் சொன்னான். அவரும் பாண்டி நாட்டிலிருந்து வந்து அவனோடு உயிர் துறந்தார். காட்சியும் பழக்கமும் இல்லாமல் நேசம் உண்டாகும் என்பதற்கு இது போதும். ஆயினும் இரசிகனின் நிலை சற்று வேறானது. சோழன் புலவரை அறிந்திருந்தான். பாடகனோ தன் இரசிகனை அறியான். இத்தகைய ஒருபுற உறவை டொனால்ட் ஹோர்ட்டன், றிச்சர்ட் வோல் என்னும் இரு அமெரிக்க அறிஞர் 1956ஆம் ஆண்டிலேயே ஆராய்ந்து எழுதினர். வானொலியிலும் தொலைக்காட்சியிலும் பேசுபவர் கேட்போனை நேரே விளித்துப் பேசுவதால், அறிமுகமான ஒருவர் தம்மோடு உரையாடுவது போன்ற உணர்வு மெல்லமெல்ல வளர்கின்றது என்பது அவர்களின் கருத்து. வீட்டின் ஒரு மூலையிலிருந்து நாள்தோறும் ஒலிக்கும் குரல் வீட்டாரின் குரல்களுள் ஒன்றாகிவிடுவது வானொலி நேயர் எவருக்கும் புதிய செய்தியன்று.

பின்னர் 1989இல் கெனத் டோக்கா என்னும் அறிஞர், சமூகம் ஏற்றுக்கொள்ளாத துக்கங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அழும் உரிமை தனக்கு இல்லை என்று பிறர் கருதும்போது, துயருறுபவன் அதை வெளிக்காட்ட முடியாது உள்ளே அடக்குகின்றான். அதனால் அது எளிதில் ஆறுவதில்லை என்பது அவர் விளக்கம். இரசிகனின் துக்கம் இவ்வகையினது. அலுவலகத்துக்கு விடுமுறை கேட்க அவனால் இயலாது. வீட்டார்கூடச் சிரிப்பர்.

மறுதலையாக, இரசிகர் பிறருடைய துக்கத்தை அளக்கப் புகுவதும் உண்டு. லெனனின் இளமைத் தோழரும் உடன்பாடியவருமான போல் மக்கார்ட்னி மறுநாள் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று வேலை செய்தார். வெளியே வந்தபோது நிருபர் கேட்ட கேள்விக்கு அசட்டையெனத் தோன்றும் ஒரு சொல்லைக் கூறிச் சென்றார். அதற்காக அவர் பெரிதும் பழிக்கப்பட்டார். அதிர்ச்சியில் வேறு சொல் வரவில்லை என்று அவர் பின்னர் விளக்கினார். உறவுடையவர் வாயடைத்து நிற்க, உறவில்லாதவர் உரக்க அழும் காட்சி செத்தவீடுகளிலும் காணப்படுவதுதான்.

லெனனுக்கோ செத்தவீடே இருக்கவில்லை. 1977 ஓகஸ்ட் மாதத்தில் எல்விஸ் பிரெஸ்லி இறந்தபோது, அவருடைய உடல் மெம்பிஸ் நகரிலுள்ள அவர் மாளிகையிலே வைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வரிசையாகச் சென்று முகம் பார்த்து மீண்டனர். இங்கோ ஈமச் சடங்கு எதுவும் நடைபெறாது என்று யோக்கோ ஓனோ அறிவித்தார். டிசம்பர் 10ஆந் திகதி உடல் ஆரவாரமின்றித் தகனம் செய்யப்பட்டது. அழ வந்தோருக்கு முகமும் இல்லை, கல்லறையும் இல்லை. துயர் மிகுந்து தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டவர்களும் இருந்தனர். அதையறிந்த ஓனோ, அவ்வாறு செய்யவேண்டாமென்று பத்திரிகை வாயிலாக இரந்து கேட்டார். கணவனை இழந்த பெண், முன்பின் அறியாதோருக்கு ஆறுதல் சொல்லவேண்டிய நிலை வந்தது.

அவரே ஒரு வழியையும் காட்டினார். டிசம்பர் 14, ஞாயிற்றுக்கிழமை, நியூயோர்க் நேரம் பிற்பகல் 2 மணிக்கு, ஒவ்வொருவரும் எங்கிருக்கின்றனரோ அங்கிருந்தே பத்து நிமிடம் மௌனமாக இருந்து வேண்டுதல் செய்யுமாறு கேட்டுக்கொண்டார். ஊர்வலமில்லை, சொற்பொழிவில்லை. அன்று சென்றல் பார்க்கிலே 50,000க்கு மேற்பட்டோர் கூடினர். லிவர்பூலில் அப்பொழுது இரவு 7 மணி, அங்கே சென். ஜோர்ஜ் மண்டபத்தின் முன் ஏறத்தாழ 30,000 பேர் திரண்டனர். குறித்த நேரம் வந்தபோது பூங்காவில் ஒலித்த இசை நின்றது. மேலே வட்டமிட்ட ஹெலிகொப்ரர்களின் இரைச்சலைத் தவிர வேறு ஓசை இல்லை.

அந்தப் பத்து நிமிடமும் நியூயோர்க் வானொலி நிலையங்கள் தம் ஒலிபரப்பை நிறுத்தின. வானொலித் தொழில் செய்வோருக்கு இதன் பாரம் நன்கு விளங்கும். சில வினாடி ஓசை அற்றுப்போனாலும் அது பிழையாகும். பொறியியலாளர் ஓடுவர், அறிவிப்பாளர் வியர்ப்பர். அத்தகைய நிலையங்கள் தாமே விரும்பி வாய்மூடி இருந்தன. லெனன் தம் இரசிகரிடம் சென்றது வானொலிப் பெட்டியின் வழியாகவே. தனியறையிலோ, நெடுஞ்சாலையில் நிறுத்திய காரிலோ இருந்து அப்பெட்டியைத் திருப்பியவன், அதே பெட்டியின் மௌனத்தைக் கேட்டான். பூங்காவுக்குச் செல்ல இயலாதவனுக்கும் ஒரு வாசல் கிடைத்தது. பத்து நிமிடம் முடிந்ததும், உலகம் ஒன்றாதலைக் கனவு காணும் அவருடைய புகழ்பெற்ற பாட்டு பூங்காவிலே ஒலித்தது.

அவ்வாண்டு முடிவதற்குள் லெனனின் புதிய இசைத்தட்டு அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. துக்கமும் வாணிகமும் இத்துணை நெருங்கியிருப்பதைக் கண்டு முகம் சுளித்தோர் உளர். கடையிலே சென்று இசைத்தட்டு வாங்குவதன்றி வேறு கிரியை அறியாதவரை அதிகம் குறைகூறுவதற்கில்லை.

டக்கோட்டாவின் எதிரே, பூங்காவின் இரண்டரை ஏக்கர் நிலம் அவர் நினைவாகத் திருத்தப்பட்டு, அவருடைய 45ஆவது பிறந்தநாளான 1985 ஒக்டோபர் 9ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. லிவர்பூலில் சிறுவனாய் இருந்தபோது அவர் விளையாடச் சென்ற அநாதைச் சிறுவர் இல்லத் தோட்டத்தின் பெயரால் அதற்கு ஸ்ரோபெரி பீல்ட்ஸ் என்று பெயர். நடுவே நேப்பிள்ஸ் நகரத்தார் அன்பளிப்புச் செய்த வட்டமான கற்பதிப்பு ஒன்று நிலத்திற் பதிந்துள்ளது. பூங்கா விதிப்படி அது ஓசை எழுப்பலாகாத அமைதி வலயம். ஆயினும் ஒவ்வோராண்டும் டிசம்பர் 8ஆந் திகதி, 1980இல் பிறந்தேயிராத இளைஞரும் நரைத்த தலையினரும் கிற்றாரோடு அவ்வட்டத்தைச் சூழ்ந்து நின்று, இருட்டிய பின்னரும் பாடிக்கொண்டிருக்கின்றனர்.