அலுமாரி வாடைக்குச் சுவரைப் பாருங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் பதுளைப் பக்கம் வெயிலைக் காண்பது அரிது. மழை தை வரை விட்டு விட்டுப் பெய்யும். பசறை, மடுல்சீமை, ஹாலிஎல தோட்டங்களில் லயத்து அலுமாரியைத் திறந்ததும் பூஞ்சண வாடை முகத்தில் அடிப்பது இந்த மாதங்களில்தான். பிள்ளையின் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையில் கறுப்புப் புள்ளி விழுவதும் அப்போதுதான்.

காம்பராவில் இடமில்லாததால் அலுமாரியைச் சுவரோடு ஒட்டி வைக்கிறோம். பின்பலகைக்குக் காற்றே போவதில்லை. தகரத்து ஒழுக்கும் சுவரின் ஈரமும் பலகையில் ஊறி, பூஞ்சணம் பிடிக்கிறது. ஆகவே துடைக்குமுன் அலுமாரியை நாலு விரல் தள்ளி வைத்து, காலுக்குச் செங்கல் கொடுங்கள். வெயில் காயும் நாளில் துணிமணியை இஸ்தோப்புக்கு எடுத்துவிட்டு, மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, வினாகிரி நனைத்த துணியால் பலகையைத் துடையுங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே துணியை அடுக்க வேண்டும். மிஞ்சும் வாடையை ஒரு கிண்ணம் அப்பச்சோடா ஓரளவு இழுத்துவிடும்.

வாடையை மறைக்கப் பூச்சி உருண்டை போடுவோர் கவனிக்க வேண்டும். நப்தலீன் உருண்டையோடு வைத்த துணியை, ஜி6பிடி நொதிக் குறைபாடுள்ள பச்சிளம் குழந்தைக்கு உடுத்தினால் இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து கடும் மஞ்சட்காமாலை வரலாம். குழந்தை உருண்டையை மிட்டாய் என்று விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உருண்டைப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990 என்ற எண்ணுக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸுக்குக் கட்டணமில்லை. பூஞ்சணம் துடைக்கக் குளோரின் திரவம் எடுப்போரும் கவனியுங்கள்: அதோடு வினாகிரியையோ மலசலகூடம் கழுவும் அமிலத்தையோ கலந்தால் நச்சு வாயு கிளம்பும்.

எவ்வளவு துடைத்தாலும் கூரை ஒழுகினால் வாடை திரும்ப வரும். லயங்களைச் சுகாதாரமாக வைத்திருக்கும் கடமையை 1912ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தோட்டத் துரை மீதே வைத்திருக்கிறது. தொழிற்சங்கத் தலைவரிடம் வாயால் சொல்வதோடு விடாமல், துரைக்கு எழுதிக் கொடுத்து, பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். பலனில்லையா? அந்தப் பிரதியோடு பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகலாம். தமிழும் அரசகரும மொழி, தமிழிலேயே எழுதலாம்.

அதே அலுமாரியில்தான் பிறப்புச் சான்றிதழும் பாட்டன் காலத்துப் பிரஜாவுரிமைப் பத்திரமும் கிடக்கும். நனைந்தால் நிழலில் உலர்த்தி, ஈரம் முழுதும் போன பிறகு பிளாஸ்டிக் உறையில் போடுங்கள். பிறப்புச் சான்றிதழ் அரித்துப்போனால் பிரதேச செயலகத்தில் உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

சுவர் ஈரம் எப்போதும் கூரையால் வருவதல்ல. கூரை ஒழுகாமலே சுவரில் திடீரென்று நீர் கசிந்தாலோ, தரை வெடித்தாலோ, நேற்றுவரை திறந்த கதவு இன்று இறுகிக்கொண்டாலோ, மலை நகர்கிறதோ என்று சந்தேகப்படுங்கள். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடிவிட்டது. அத்தகைய அடையாளம் கண்டால் அலுமாரியையும் சாமானையும் போட்டுவிட்டு முதலில் ஆட்களை வெளியேற்றுங்கள். அடுத்து அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழையுங்கள்.