பருமனான டிரைவருக்கு ஏற்ற ஆசனம் எது?

கொள்ளிடத்தின் வடகரையில் இருக்கிறது திருமானூர். அரியலூரிலிருந்து தஞ்சாவூர் போகும் சாலை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. பாலத்தைத் தாண்டித் தெற்கே போனால் திருவையாறு. அதற்கு அப்பால் தஞ்சாவூர்.

சிமெண்டு லாரிகள், பஸ்கள், கல்யாணத்துக்குப் போகும் வாடகைக் கார்கள் என்று இந்தச் சாலையில் வண்டிகளுக்குக் குறைவில்லை. அவற்றை ஓட்டுகிறவர்களில் ஒல்லியானவர் உண்டு. ஆஜானுபாகுவான ஆளும் உண்டு. ஆனால் கம்பெனியிலிருந்து வரும் ஆசனம் எல்லோருக்கும் ஒரே அளவுதான்!

நூறு கிலோ எடையுள்ள ஒருவர் சின்னக் கார் ஒன்றில் ஏறி உட்காருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். தொந்தி ஸ்டியரிங்கில் இடிக்கிறது. ஆசனத்தின் ஓரம் தொடையை நெருக்குகிறது. சீட் பெல்ட்டை இழுத்தால் கொக்கி வரை எட்டவில்லை. "திருவையாறு வரைதானே!" என்று பெல்ட்டை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுக்கிறார்.

ஆபத்து அங்கேதான் ஆரம்பமாகிறது!

78 கிலோ பொம்மை

புதிய கார் ஒன்றைச் செய்தால், அதை மோதவிட்டுச் சோதனை செய்வார்கள். உள்ளே மனிதனைப் போன்ற ஒரு பொம்மையை உட்கார வைப்பார்கள். இந்தச் சோதனைகளில் அதிகமாகப் பயன்படும் ஆண் பொம்மையை அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி 1976-ல் உருவாக்கியது. அதன் உயரம் 175 சென்டி மீட்டர். எடை சுமார் 78 கிலோ.

அதைவிடக் கனமான ஆளின் கதி என்ன? இந்தக் கேள்விக்குப் பதில் காண 2014-ல் ஹியூமனெடிக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, 124 கிலோ எடையுள்ள பொம்மை ஒன்றைச் செய்தது.

அமெரிக்காவில் 1996 முதல் 2008 வரை நடந்த விபத்துக்களை இரண்டு நிபுணர்கள் ஆராய்ந்து, 2013-ல் முடிவை வெளியிட்டார்கள். மிக அதிகப் பருமன் உள்ள டிரைவர் விபத்தில் இறக்கும் அபாயம், சாதாரண எடை உள்ளவரைக் காட்டிலும் 80 சதவிகிதம் அதிகம் என்று அவர்கள் கண்டார்கள்.

காரணம் என்ன? பெல்ட் இடுப்பு எலும்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். வயிற்றின் மேல் கிடக்கும் பெல்ட், எலும்பைப் பிடிப்பதற்குள் உடம்பின் கீழ்ப்பாதி முன்னால் வழுக்கிவிடுகிறது.

அம்பாசடர் காலம்

அந்த நாள் டிரைவர்களுக்கு அம்பாசடர் என்றால் தனிப் பிரியம். 1950-களின் கடைசியில் வந்த இந்தக் கார் 2014-ல் நின்றுபோனது. பழைய அம்பாசடரின் முன் ஆசனம் பெஞ்சு மாதிரி நீளமாக இருக்கும். கியர் கம்பியும் ஸ்டியரிங் பக்கத்திலேயே இருக்கும். எவ்வளவு பருமனான ஆளும் தாராளமாக உட்காரலாம்.

இப்போது வரும் கார்களில் டிரைவருக்குத் தனி ஆசனம். இரண்டு ஓரமும் மேடாக இருக்கும். ஒல்லியானவரை அது அணைத்துப் பிடிக்கும். பருமனானவரை நெருக்கும். ஆகவே, தட்டையான, அகலமான ஆசனம் உள்ள காராகத் தேட வேண்டும்.

வாங்குவதற்கு முன்

கடையில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து பார்த்தால் போதாது. கால் மணி நேரமாவது உட்கார வேண்டும். ஓட்டியும் பார்க்க வேண்டும். முதலில் பெல்ட்டைப் போட்டுப் பாருங்கள். பிறகு மற்றவற்றைக் கவனியுங்கள்.

ஆசனத்தைப் பின்னால் தள்ள முடிகிறதா? உயர்த்தித் தாழ்த்த முடிகிறதா? ஸ்டியரிங்கை மேலும் கீழும் நகர்த்த முடிகிறதா? முழங்காலின் பின்புறத்துக்கும் ஆசனத்தின் விளிம்புக்கும் நடுவே இரண்டு மூன்று விரல் இடம் இருக்கிறதா? பிரேக்கை முழுவதும் மிதிக்கக் கால் எட்டுகிறதா?

மார்பு எலும்புக்கும் ஸ்டியரிங்கின் நடுப்பகுதிக்கும் 25 சென்டி மீட்டராவது இடைவெளி வேண்டும். விபத்தில் ஸ்டியரிங்கிலிருந்து ஏர் பேக் என்ற காற்றுப் பை கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரியும். மிக நெருங்கி உட்கார்ந்தால் அதுவே காயப்படுத்தும்.

பெல்ட் எட்டாவிட்டால்?

பெல்ட்டின் மேல் பட்டை தோளையும் மார்பையும் ஒட்டிப் போக வேண்டும். கீழ்ப் பட்டை தொந்திக்குக் கீழே, இடுப்பு எலும்பின் மேல் படிய வேண்டும்.

எட்டாவிட்டால், அந்தக் காரைச் செய்த கம்பெனியின் விற்பனையாளரிடம் நீட்டிப்புப் பட்டை கிடைக்குமா என்று கேளுங்கள். வேறு கார்ப் பட்டையை மாட்டினால் கொக்கி பிடிக்காமல் போகலாம். பட்டை கிடைக்காது என்றால், பெல்ட் எட்டுகிற வேறு காரைப் பார்ப்பதே புத்திசாலித்தனம்.

சிலர் பெல்ட் போடாமல், எச்சரிக்கை மணியை அடக்க வெறும் கிளிப்பை மட்டும் சொருகிவிடுகிறார்கள். இந்தக் கிளிப்புகளை விற்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ல் ஐந்து இணைய வியாபாரக் கம்பெனிகளுக்கு உத்தரவிட்டது. பெல்ட் போடாமல் ஓட்டினால் 1,000 ரூபாய் அபராதம் என்று 2019-ல் சட்டம் திருத்தப்பட்டது. மணியை ஏமாற்றலாம். மோதலை ஏமாற்ற முடியுமா?

செய்யக் கூடாதவை

முதுகுக்குப் பின்னால் தடித்த தலையணை வைக்கக் கூடாது. அது உடம்பை ஸ்டியரிங் பக்கம் தள்ளும். ஆசனத்தைத் தாங்கும் தண்டவாளத்தை அறுத்து வெல்டு வைக்கக் கூடாது. மோதும்போது ஆசனமே பெயர்ந்துவிடலாம். பக்கவாட்டில் ஏர் பேக் உள்ள ஆசனத்துக்குக் கண்ட உறையைப் போடக் கூடாது. பை விரிய வழியில்லாமல் போகும்.

அமுங்கிப்போன பழைய ஆசனமா? நல்ல குஷன் வேலைக்காரரிடம் கொடுத்து நுரையை மாற்றலாம். பின் பாக்கெட்டில் உள்ள பர்ஸை எடுத்துவிட்டு உட்காருங்கள். முதுகு வலி குறையும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை இறங்கி நடங்கள்.

லாரிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சில லாரிகளில் அதிர்ச்சி தாங்கும் ஆசனம் இருக்கிறது. அதில் டிரைவரின் எடைக்குத் தக்கபடி திருகி வைக்க ஒரு பிடி உண்டு. முன்பு ஓட்டியவரின் எடைக்கு வைத்ததை அப்படியே விட்டுவிடாதீர்கள்!

சட்டை இறுக்கமாக இருந்தால், "கொஞ்சம் தளர்த்தித் தையுங்கள்" என்று தையல்காரரிடம் சொல்லுகிறோம். அதில் வெட்கம் இல்லை. "பெல்ட் எட்டவில்லை" என்று கார் கடையில் சொல்லவும் வெட்கப்பட வேண்டாம். வாசலில் வழியனுப்புகிறவர்களும் ஒரு காரியம் செய்யலாம். கொக்கி 'டக்' என்று மாட்டும் சத்தம் கேட்ட பிறகு கையசையுங்கள்!