பானெட்டை உயர்த்தினால் எஞ்சின் குளிருமா?

பானெட்டின் பின்பக்கக் கீலுக்கு அடியில் வாஷர் வைத்து விளிம்பை ஓரிரு விரல் அளவு உயர்த்துவதும், பானெட்டில் துளை வெட்டிக் காற்றுவழி பொருத்துவதும் கிள்ளான் பள்ளத்தாக்கில் கார்ப் பிரியர்கள் விரும்பிச் செய்யும் மாற்றங்கள். கூட்டரசு நெடுஞ்சாலையின் மாலை நெரிசலில் சூடு முள் ஏறுவதைப் பார்த்தவருக்கு இந்த ஆசை வருவது இயல்பே.

ஓடும் காரில் காற்று முன்புற கிரில் வழியே நுழைந்து, ரேடியேட்டரைக் கடந்து, பெரும்பாலும் அடிப்பக்கமாக வெளியேறுகிறது. நுழைவாயிலில் அழுத்தம் கூடுதலாகவும் வெளிவாயிலில் குறைவாகவும் இருந்தால்தான் இந்த ஓட்டம் நடக்கும். வீட்டிலேயே சிறு விமானம் கட்டுபவர்கள் எஞ்சின் மூடியில் வெளிவாயிலின் இடத்தையும் அளவையும் பார்த்துப் பார்த்து அமைப்பதும் இதற்காகத்தான். காரில் முன்கண்ணாடியின் அடிவாரம் காற்று முட்டித் தேங்கும் உயரழுத்தப் பகுதி. அங்கே இடைவெளி விட்டால் வேகமாக ஓடும்போது சூடு வெளியே வராது. வெளிக்காற்றே உள்ளே புகுந்து ரேடியேட்டர் வழி வரும் ஓட்டத்தைத் தடுக்கலாம். கார் நிற்கும்போது சூட்டுக்காற்று மேலெழுந்து போவது மட்டும் உண்மை. பானெட்டின் நடுவிலோ முன்பகுதியிலோ, அழுத்தம் குறைந்த இடம் பார்த்து அமைத்த துளைக்கே பயன் உண்டு.

ஆபத்து வேறு. காருக்குள் வெளிக்காற்றை இழுக்கும் வாய் அதே அடிவாரத்தில்தான் இருக்கிறது. பின்விளிம்பிலுள்ள ரப்பர் பட்டை எஞ்சின் அறைக் காற்று அங்கே போகாமல் தடுக்கிறது. விளிம்பை உயர்த்தினால் அந்தத் தடுப்பு பயனிழக்கும். புகைக்குழாயில் கசிவும் இருந்தால் மணமற்ற கார்பன் மோனாக்சைடு காருக்குள் சேரும். வெட்டிய துளை வழியே பெருமழை நேராக இக்னிஷன் காயில், ஆல்டர்னேட்டர் மீது இறங்கும். பூட்டின் பிடிமானம் தளர்ந்தால் நெடுஞ்சாலையில் பானெட் எழும்பிக் கண்ணாடியை மறைத்துவிடும்.

உண்மையில், சூடேறும் காருக்குப் பானெட் அரிதாகவே காரணம். கூலண்ட் குறைவு, அடைபட்ட ரேடியேட்டர், இயங்காத விசிறி, சிக்கிய தெர்மோஸ்டாட், பழுதான வாட்டர் பம்ப் ஆகியவற்றை முதலில் பார்க்க வேண்டும். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

வாகன அமைப்பை மாற்றுவது 1987ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டத்துக்கும், வாகன அமைப்பு, பயன்பாடு குறித்த 1959ஆம் ஆண்டு விதிகளுக்கும் உட்பட்டது. ஆகவே வெட்டும் முன்பே சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயிடம் கேட்டுத் தெளிவது நல்லது. "எல்லாரும் செய்றாங்க" என்ற பட்டறைக்காரரின் உறுதிமொழி சாலைச் சோதனையில் செல்லாது. மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; மறைத்தால் இழப்பீட்டுக் கோரிக்கை சிக்கலாகும். மறுக்கப்பட்ட கோரிக்கையில் நிறுவனத்தின் இறுதி முடிவு வந்த பிறகு, 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்பிடம் முறையிடலாம்.

பட்டறை வேலையைக் கெடுத்தால் 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் கைகொடுக்கும். சேவையை நியாயமான கவனத்தோடும் திறமையோடும் செய்து தரவேண்டும் என்ற உத்தரவாதத்தை அச்சட்டமே தருகிறது. ரசீதில் "பொறுப்பல்ல" என்று அச்சடிப்பதால் அது மறைந்துவிடாது. பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், 3 ஆண்டுகளுக்குள், 50,000 ரிங்கிட் வரை வழக்குத் தொடுக்கலாம். பொதுவாக வழக்கறிஞருக்கு அங்கே இடமில்லை என்பதால் ரசீது, வேலைக்கு முன்பும் பின்பும் எடுத்த படங்கள், வாட்ஸ்அப் உரையாடல், இன்னொரு பட்டறையின் எழுத்துக் கருத்து ஆகியவையே வாதாடும். தீர்ப்பை 14 நாள்களுக்குள் நிறைவேற்றாமல் விடுவது குற்றம். எழும்பிய பானெட்டால் யாருக்கேனும் காயமோ உயிரிழப்போ நேர்ந்திருந்தால் அந்த வழக்கு தீர்ப்பாயத்தின் வரம்பில் வராது, நீதிமன்றத்துக்குத்தான் போகவேண்டும்.