தாமே கணக்கிடும் வாடிக்கையாளர்

பண்டம் வாங்கக் கடைக்குட் சென்றவர் அப்பண்டத்துடன் வெளியேறுவதற்கு முன் கடக்கவேண்டிய இடம் ஒன்று உண்டு. அங்கே ஒருவர் அமர்ந்து, எடுத்த பொருள்களை எண்ணி, விலையைக் கூட்டிப் பணம் பெற்றுச் சீட்டளித்து அனுப்புவார். அமெரிக்கா, இங்கிலாந்து, பிரான்சு முதலிய நாடுகளின் பல்பொருள் அங்காடிகளில் அவ்விடத்தே இப்பொழுது பொறிகள் வரிசையாக நிற்கின்றன. பொருளை வாங்கியவரே அதன் விலையைப் பொறிக்குக் காட்டிக் கணக்கிட்டு, பணத்தைச் செலுத்தி, பையிலும் இட்டுக்கொண்டு போதல் வேண்டும். இதனை ஆங்கிலத்தில் 'செல்ஃப் செக்அவுட்' என்பர். தமிழில் தன்கணக்குப் பொறி எனலாம். பொறி சிறிது; ஆயினும் அதனைப் பற்றி மக்களிடையே எழுந்த கருத்து வேற்றுமை சிறிதன்று. ஒரே கடையில் ஒரே நாளில் ஒருவர் அதனை வாழ்த்துகின்றார்; அவரை அடுத்து வருபவர் வைகின்றார். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. அஃது எவ்வாறு என்பதை அறிவதற்குச் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

நூறாண்டுகட்கு முன் அமெரிக்க மளிகைக் கடைகளில் வாடிக்கையாளர் பண்டங்களைத் தொடுவது அரிது. மேசைக்கு இப்பால் நின்று அவர் வேண்டுவனவற்றைக் கூறுவார். அப்பால் நிற்கும் பணியாளர் பீப்பாயிலிருந்து மாவை அள்ளியும், அலமாரியிலிருந்து பொட்டலங்களை எடுத்தும், நிறுத்தும், கட்டியும் கொடுப்பார். 1916-ஆம் ஆண்டில் டென்னசி மாநிலத்து மெம்பிசு நகரில் கிளாரன்சு சாண்டர்சு என்னும் வணிகர் 'பிக்லி விக்லி' என்ற வேடிக்கையான பெயருடன் ஒரு கடையைத் திறந்தார். அங்கே வாடிக்கையாளர் சுழல்கதவின் வழியே உட்புகுந்து, கையில் ஒரு கூடையை ஏந்தி, அலமாரிகளுக்கிடையே நடந்து, விலை குறிக்கப்பட்ட பண்டங்களைத் தாமே எடுத்துக்கொண்டு, வெளியேறும் வழியிற் பணம் செலுத்தினர். பணியாளர் செய்துவந்த வேலையின் பெரும்பகுதி இவ்வாறு வாங்குவோர் கைக்கு மாறியது. மாறினும் அவர்கள் வருந்தவில்லை. பணியாளர் செலவு குறைந்தமையால் விலையும் குறைந்தது. விரும்பிய பொருளைப் பார்த்துத் தெரிந்தெடுக்கும் உரிமையும் கிடைத்தது. உழைப்பைக் கொடுத்தவர்க்கு ஊதியம்போல் ஒன்று கைமேல் வந்தது. இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும், பின்னர்ப் பயன்படும்.

புதிய கருவி எதுவும் வந்தவுடனே வரவேற்பைப் பெறுவதில்லை. 1937-இல் ஓக்லகோமா நகரத்துக் கடைக்காரர் சில்வன் கோல்டுமன் என்பார் கூடைகளைச் சுமந்து வருந்துவோர்க்காகச் சக்கரம் பூட்டிய தள்ளுவண்டியை அமைத்தார். அதனைத் தள்ளுவது தம் ஆண்மைக்கு இழுக்கென இளைஞர் நினைத்தனர். இளம் பெண்டிர் நாகரிகமன்று என ஒதுக்கினர். முதியோரோ தம்மைத் தளர்ந்தவரெனப் பிறர் எண்ணுவரே என நாணினர். கோல்டுமன் கூலிக்கு ஆட்களை அமர்த்தி, பொருள் வாங்குவார்போல் வண்டிகளைத் தள்ளிக்கொண்டு கடைக்குள் உலவச் செய்தார். அதன் பின்னரே மக்கள் வண்டியைத் தொட்டனர். இன்று அவ்வண்டியைக் குறைகூறுவார் ஒருவருமிலர். தன்கணக்குப் பொறியின் வெறுப்பும் இவ்வாறே மறையும் என்று கூறுவோர் இவ்வரலாற்றைச் சான்று காட்டுவர். அச்சான்று முழுதும் பொருந்துமா என்பது ஐயத்திற்குரியது. வண்டி சுமையை இறக்கிற்று. பொறி சுமையை ஏற்றுகின்றது.

பொருளின்மேல் அச்சிட்ட கருங்கோடுகளைப் பார்த்தே பொறி விலையை அறிகின்றது. பார்கோடு எனப்படும் இப்பட்டைக்குறியின் தோற்றம் சுவையானது. நார்மன் சோசப்பு உட்லண்டு என்னும் அமெரிக்க இளைஞர் சிறுவயதிற் சாரணர் படையில் தந்திக்குரிய மோர்சு குறிகளைக் கற்றிருந்தார். பின்னாளில் மயாமி கடற்கரையில் அமர்ந்து சிந்தித்தபோது, விரல்களை மணலில் ஊன்றித் தம்பால் இழுத்தார். மணலில் கோடுகள் விழுந்தன. புள்ளியும் சிறுகோடுமாகிய தந்திக்குறியை மெல்லிய கோடும் தடித்த கோடுமாக நீட்டினால் என்ன என்னும் எண்ணம் அவ்விடத்திலேயே உதித்தது. அவரும் அவர் நண்பர் பெர்னார்டு சில்வரும் 1952-இல் இதற்குக் காப்புரிமை பெற்றனர். ஆயினும் அக்குறியை எளிதிற் படித்தற்குரிய லேசர் ஒளியும் கணிப்பொறியும் அன்று கடைகட்கு எட்டவில்லை. 1974-ஆம் ஆண்டு சூன் 26-ஆம் நாளன்றுதான் ஒகையோ மாநிலத்து டிராய் என்னும் சிற்றூர்க் கடையில், இன்று வழங்கும் வகைப் பட்டைக்குறி முதன்முதல் ஒரு விற்பனையிற் படிக்கப்பட்டது. படிக்கப்பட்ட பொருள் 67 செண்டு விலையுள்ள மெல்லுபசைப் பொதி ஒன்று!

விலையைப் பொறியே அறியுமானால், பொருளைப் பொறிக்குக் காட்டுவதற்குப் பயின்ற ஆள் எதற்கு? இவ்வினாவை எழுப்பியவர் புளோரிடாவைச் சேர்ந்த டேவிடு அம்பிள் என்பார். அவர் அமைத்த பொறி 1986-இல் அட்லாண்டா நகரை அடுத்த அங்காடி ஒன்றில் வைக்கப்பட்டது. அப்பொழுதும் பணம் பெறுதற்கும் பண்டங்களைப் பையிலிடுதற்கும் ஆட்கள் இருந்தனர். அவ்விரு வேலைகளும் வாடிக்கையாளரிடம் வந்து சேர்ந்தது பின்னர் நிகழ்ந்தது.

இன்றைய பொறியின் அமைப்பு வருமாறு: முன்னே ஒரு கண்ணாடிப் பலகை; அதன் அடியில் பட்டைக்குறியைப் படிக்கும் ஒளி. மேலே தொடுதிரை. பக்கத்தில் பையை வைக்கும் மேடை. அஃது உண்மையில் ஒரு தராசு. ஒவ்வொரு பொருளின் எடையும் கணிப்பொறியிற் பதிந்திருக்கும். காட்டிய பொருளின் எடையும் மேடையில் வைத்த பொருளின் எடையும் ஒவ்வாவிடின் பொறி வேலையை நிறுத்திவிடும், செவ்விளக்கு எரியும், பணியாளர் வந்து பார்த்து விடுவிக்கும்வரை அடுத்த பொருளை ஏற்காது. காய்கனிகளுக்குப் பட்டைக்குறி பெரும்பாலும் இராது. ஆதலின் திரையில் தோன்றும் படங்களிலிருந்து வாங்குவோர் உரியதைத் தேடித் தொடுதல் வேண்டும். கைக்குட்டை ஒன்று மேடையில் விழுந்தாலும், வீட்டிலிருந்து கொணர்ந்த பை சற்றுக் கனமாயிருந்தாலும் பொறி ஐயுறும். பையிடும் இடத்தில் எதிர்பாராத பொருள் உள்ளதென்று அது கூறும் அறிவிப்பு இங்கிலாந்தில் நகைச்சுவைக்குரிய தொடராகவே ஆகிவிட்டது. மக்களின் எரிச்சலை உணர்ந்த டெஸ்கோ நிறுவனம் 2015-இல் அவ்வறிவிப்பைக் கைவிட்டு, வேறொரு குரலில் மென்மையான சொற்களைப் பேச வைத்தது.

பொறியை விரும்புவோர் கூறும் முதற்காரணம் விரைவு. இதில் ஒரு நுட்பம் உண்டு. கணக்கர் நாள் முழுதும் அவ்வொரு தொழிலையே செய்பவர். எப்பொருளில் எப்பக்கத்தே குறி உள்ளது என்பது அவர் கைக்குத் தெரியும். வாடிக்கையாளர் ஒரு பொட்டலத்தைப் புரட்டிப் புரட்டிக் குறியைத் தேடும் நேரத்தில் அவர் இரண்டு மூன்றைக் கடத்திவிடுவார். அங்ஙனமாயினும் பொறியிடம் சென்றவர் தாம் விரைந்து முடித்ததாகவே கருதுகின்றார். காரணம் யாது? வாளா நிற்பவனுக்கு ஒரு நிமிடமும் நெடிதாகும். கைக்கு வேலை உள்ளவனுக்குக் காலம் கழிவது தெரியாது. இது மயக்கம் என்று தள்ளிவிடவும் இயலாது. ஒரு கணக்கர் மேசை இருந்த இடத்தில் பல பொறிகள் அடங்கும். அவை அனைத்துக்கும் ஒரே வரிசையாதலின், ஒரு ரொட்டியும் ஒரு புட்டிப் பாலும் வாங்கியவர், வண்டி நிறையச் சரக்கேற்றியவர் பின்னே காத்து நிற்க வேண்டுவதில்லை. மற்றும் சிலர்க்குப் பேச நேராமையே நன்மை. காது மந்தமானவர், திக்கிப் பேசுபவர், அந்நாட்டு மொழி அறியாதவர், பிறர் காண விரும்பாத மருந்தை வாங்குபவர் ஆகியோர்க்குப் பேசாப் பொறி பெருந்துணை. இத்தகையோரின் கருத்தை இளையோரின் சோம்பல் என்று ஒதுக்குதல் முறையாகாது.

வெறுப்போர் தொகையும் குறைந்ததன்று. கண் மங்கிய முதியோர்க்குத் தொடுதிரை ஒரு சுவர். பார்வையற்றோர் தடவி அறிதற்குத் திரையில் மேடு பள்ளம் இல்லை. இடுப்பில் குழந்தையுடன் வரும் தாய் ஒரு கையால் எத்தனை பொருளைத் திருப்பிக் காட்டுவாள்? இன்னும் சிலர் எழுப்பும் வினா கூர்மையானது. "கணக்கர் செய்த வேலையை யாம் செய்கின்றோம், எமக்குக் கூலி எங்கே?" என்பதே அது. சாண்டர்சின் கடையை இங்கே நினைவுகூர்தல் வேண்டும். அவர் வாடிக்கையாளரின் உழைப்பைப் பெற்று விலையைக் குறைத்தார். இன்றைய அங்காடியில் பொறியிடம் செல்பவரும் கணக்கரிடம் செல்பவரும் ஒரு பொருளுக்குச் செலுத்தும் விலை ஒன்றே. கணக்கர் மேசைகள் பலவற்றை மூடி ஒன்றிரண்டே திறந்துவைக்கும் கடைகளில், விரும்பாதவரும் பொறியை நாட நேர்கின்றது. விரும்பி ஏற்ற வேலை வேறு. வேறு வழியின்றி ஏற்ற வேலை வேறு.

கூலியில்லாக் குறையினும் நெஞ்சைச் சுடுவது ஐயப்பாடு. வாங்குவோரே கணக்கிடும் இடத்தில் தவறும் நிகழும், களவும் நிகழும். விலைமிக்க கனியைத் தராசில் வைத்து, திரையில் மலிவான கிழங்கின் படத்தைத் தொடுவோர் உளர். உண்மையிலேயே கைதவறி ஒரு பொருளைக் காட்ட மறந்தவரும் உளர். இருவரையும் பொறியால் வேறு பிரித்து அறிய இயலாது. பார்த்து நிற்கும் பணியாளராலும் எளிதில் இயலாது. இங்கிலாந்தின் லெசுடர் பல்கலைக்கழக ஆய்வாளர், கையடக்கக் கருவியால் வாங்குவோர் தாமே கணக்கிட்ட ஏறத்தாழ 10 இலட்சம் கொள்முதல்களை ஆராய்ந்து 2016-இல் முடிவை வெளியிட்டனர். சரக்கின் மதிப்பில் ஏறத்தாழ 4 விழுக்காடு இழப்பாகும் என அவர்கள் கண்டனர். இழப்பைக் கண்ட கடைகள் தலைக்கு மேல் காமிராக்களைப் பொருத்தின. விலைச்சீட்டைக் காட்டினாலன்றித் திறவாத கதவுகளையும் சில கடைகள் அமைத்தன. நாற்பதாண்டு ஒரே கடையில் வாங்கிய முதியவர், தாமே கணக்கிட்டுத் தாமே பணம் செலுத்திய பின்னரும், மூடிய கதவின்முன் சீட்டைத் தேடி நிற்கின்றார். மாணவர்களே, அவர் முகம் எவ்வாறிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள். களவைத் தடுக்கும் உரிமை கடைக்காரர்க்கு உண்டு, அதனை மறுப்பாரில்லை. ஆனால் ஆளைக் குறைத்தவர் கடைக்காரர். ஐயத்துக்கு ஆளானவரோ வாடிக்கையாளர்.

பணியாளரின் பிழைப்பும் இவ்வழக்கில் உட்பட்டதே. பிரான்சு நாட்டில் உணவுப்பண்டம் விற்கும் பேரங்காடிகள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் 1 மணிக்கு மேல் பொதுவாகப் பணியாளரை வேலை வாங்குதல் சட்டப்படி கூடாது. 2019 ஆகசுட்டு மாதத்தில் ஆஞ்சே நகரத்து அங்காடி ஒன்று, பொறிகளை மட்டுமே நம்பி ஞாயிறு பிற்பகலிலும் கடையைத் திறந்துவைத்தது. சட்டத்தின் சொல் மீறப்படவில்லை; அதன் நோக்கம் என்னவாயிற்று என்று தொழிலாளர் சங்கத்தார் கேட்டனர்; கடைக்குள்ளேயே எதிர்ப்பும் நிகழ்ந்தது. அதே வேளையில், வாரம் முழுதும் உழைத்து ஞாயிறன்றே பண்டம் வாங்க இயலும் சிலர் கடை திறந்ததை வரவேற்கவும் செய்தனர்.

நிற்க. இக்கருத்துகள் வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. அமெரிக்காவில் ஆல்பர்ட்சன்சு நிறுவனம் 2011-லேயே தன் கடைகளிலிருந்து பொறிகளை நீக்க முற்பட்டது. 2024-இல் டாலர் செனரல் நிறுவனம் களவிழப்பைக் காரணங்காட்டிப் பல்லாயிரம் கடைகளில் அவற்றைக் கைவிட்டது. டார்கெட் நிறுவனம் 10 பொருளுக்கு மேற்படாமல் வாங்கியோரையே பெரும்பாலான கடைகளில் பொறியிடம் விட்டது. கலிபோர்னியாவின் லாங்பீச் நகர மன்றம் 2025-இல் மூன்று பொறிகளுக்கு ஒரு பணியாளரேனும் இருத்தல் வேண்டுமென விதி வகுத்தது. இவை யாவினும் கருதத்தக்கது வட இங்கிலாந்தின் பூத்சு என்னும் நிறுவனம் செய்த செயல். 1847-இல் தோன்றிய அவ்வணிக இல்லம், தன் 28 கடைகளுள் இரண்டில் தவிர ஏனையவற்றில் பொறிகளை அகற்றுவதாக 2023 நவம்பரில் அறிவித்தது. பொறி மெதுவாக இயங்குகின்றது, அடிக்கடி தவறுகின்றது, முகம்பார்த்துப் பேசும் இயல்பு அதற்கில்லை என வாடிக்கையாளர் கூறியதே அம்முடிவுக்குக் காரணம். விலக்காக நின்ற இரண்டு கடைகளும் ஏரி மாவட்டத்தில் உள்ளவை. சுற்றுலா வருவோர் திரளும்போது அங்கே வரிசை மிக நீளுமாதலின் பொறிகள் வேண்டியிருந்தன.

சப்பானியக் கடைகள் பலவற்றில் வேலையைப் பகிர்ந்திருக்கின்றனர். பண்டங்களைக் கணக்கர் எடுத்துக் காட்டி விலையைக் கூட்டுகின்றார். பணம் செலுத்துதலை மட்டும் வாங்கியோர் அருகிலுள்ள பொறியில் முடிக்கின்றனர். பயின்ற கையின் விரைவும் கெடவில்லை. நாணயம் எண்ணும் நேரமும் வரிசையைத் தடுப்பதில்லை.

நெதர்லாந்தில் இம்முயற்சி வேறு திசையிற் சென்றது. முதியோர் பலர் தனித்து வாழும் அந்நாட்டில், சிலர்க்கு அன்றைய நாளில் கிடைக்கும் ஒரே பேச்சுத்துணை கடைக் கணக்கரே. அரசு தொடங்கிய தனிமை ஒழிப்பு இயக்கத்துடன் சேர்ந்து, சம்போ என்னும் அங்காடி நிறுவனம் 2019-இல் விலைமன் என்னும் ஊரில் 'கிளெட்சு காசா' என்ற பெயரில் ஒரு கணக்கு மேசையைத் திறந்தது; பேச்சு மேசை என்பது அதன் பொருள். அங்கே விரைவு வேண்டுவதில்லை. கணக்கர் ஒவ்வொரு பொருளாக எடுத்து வைத்துக்கொண்டே முழங்கால் வலியையும் பேரப்பிள்ளையின் படிப்பையும் பற்றிக் கேட்பார். பின்னால் நிற்பவரும் அதற்கென்றே வந்தவராதலின் முணுமுணுப்பதில்லை. 2021-இல் அத்தகைய மேசைகளை 200 கடைகளில் அமைக்கப்போவதாக அந்நிறுவனம் அறிவித்தது. விரைந்து வெளியேற விரும்புவோர்க்குரிய பொறிகளையும் அந்நிறுவனம் விலக்கிவிடவில்லை.