வெள்ளணுவும் கல்லீரல் புற்றும்: எது காரணம், எது விளைவு?

கல்லீரலில் தொடங்கும் புற்றுநோய்களில் பெரும்பகுதி ஹெபடோசெல்லுலர் கார்சினோமா என்னும் வகையைச் சேர்ந்தது. நல்ல நிலையில் இருக்கும் கல்லீரலில் இது அரிதாகவே வரும். ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள், குடிப்பழக்கம், சர்க்கரை நோயோடு சேர்ந்துவரும் கொழுப்புக் கல்லீரல், பூஞ்சை பிடித்த கடலையிலும் மக்காச்சோளத்திலும் ஊறும் அஃப்ளடாக்சின் நஞ்சு ஆகியவற்றில் ஏதோ ஒன்று பல ஆண்டுகள் கல்லீரலைப் புண்ணாக்கித் தழும்பேற்றிய பிறகுதான் பெரும்பாலும் புற்று முளைக்கிறது. 2022இல் உலகில் ஏறத்தாழ 8.66 லட்சம் பேருக்குக் கல்லீரல் புற்று புதிதாகக் கண்டறியப்பட்டது. அதே ஆண்டில் அதனால் இறந்தவர்கள் 7.58 லட்சம் பேர். கண்டறியும்போதே காலம் கடந்துவிடுகிறது என்பதை இந்த இரண்டு எண்களின் நெருக்கமே காட்டிவிடும்.

இந்த நோயில் நோய் எதிர்ப்பு அணுக்களின் பங்கு இரட்டை வேடம். ஹெபடைடிஸ் பி வைரஸ் கல்லீரல் அணுவைத் தானாகக் கொல்வதில்லை. வைரஸ் குடியேறிய அணுக்களைத் தேடி அழிக்கும் டி அணுக்கள் என்னும் வெள்ளணுக்களே கல்லீரலைச் சேதப்படுத்துகின்றன. அந்தச் சேதமும், அதை ஈடுகட்டக் கல்லீரல் அணுக்கள் மீண்டும் மீண்டும் பிளவுபடுவதும் பத்து இருபது ஆண்டுகள் தொடர்ந்தால் மரபணுப் பிழைகள் சேர்கின்றன. புற்று வந்தபின் கதை தலைகீழாகிறது. அடங்கிப்போ என்று மற்ற அணுக்களுக்குச் சொல்லும் ஒழுங்குபடுத்தும் டி அணுக்கள் கட்டியைச் சுற்றிக் குவிந்து, கொல்ல வேண்டிய அணுக்களின் கையைக் கட்டிவிடுகின்றன. இப்படிப்பட்ட கட்டுகளில் ஒன்றை அவிழ்க்கும் அட்டிசோலிசுமாப் என்ற மருந்து, பெவசிசுமாப் மருந்துடன் சேர்த்து 2020 முதல் முற்றிய கல்லீரல் புற்றுக்குக் கொடுக்கப்படுகிறது. சிலருக்கு நன்றாகக் கேட்கிறது, பலருக்குக் கேட்பதில்லை.

ஆகவே எந்த வெள்ளணு நோயை வளர்க்கிறது, எது தடுக்கிறது என்பது வெறும் ஏட்டுக் கேள்வி அல்ல. ஆனால் நோயாளியின் ரத்தத்தை எடுத்து அணுக்களை எண்ணிப் பார்ப்பதால் விடை கிடைத்துவிடாது. ஓர் அணு குறைந்திருந்தால், அது குறைந்ததால் புற்று வந்ததா, புற்று வந்ததால் அது குறைந்ததா?

இதே முடிச்சை 1986இல் நெதர்லாந்து விஞ்ஞானி மார்ட்டைன் காட்டான் வேறொரு விஷயத்தில் அவிழ்க்கப் பார்த்தார். கொலஸ்ட்ரால் குறைந்தவர்களுக்குப் புற்றுநோய் அதிகம் என்று அப்போது ஒரு பேச்சு இருந்தது. வெளியே தெரியாமல் வளரும் புற்றே கொலஸ்ட்ராலைக் குறைத்திருக்கலாமே என்பது அவர் சந்தேகம். அதற்கு அவர் சொன்ன வழி எளியது. பிறவியிலேயே கொலஸ்ட்ராலைக் குறைத்து வைக்கும் மரபணு வகை ஒன்று உண்டு. குறைந்த கொலஸ்ட்ரால்தான் புற்றுக்குக் காரணம் என்றால், அந்த மரபணு வகை புற்றுநோயாளிகளிடம் அதிகம் இருக்க வேண்டும். பிறகு வரும் நோய் எதுவும் பிறப்பில் அமைந்த மரபணுவை மாற்ற முடியாது. தாயிடமிருந்து எது, தந்தையிடமிருந்து எது என்பது கருவிலேயே போடப்பட்டுவிட்ட திருவுளச்சீட்டு. வசதி, உணவு, வேலை எதுவும் அதில் கை வைக்காது. 2003இல் ஜார்ஜ் டேவி ஸ்மித்தும் ஷா இப்ராஹிமும் இதை முறையான ஆய்வு வழியாக வளர்த்தெடுத்தனர். மரபியல் முன்னோடி மெண்டலின் பெயரால் இது மெண்டேலியன் ராண்டமைசேஷன் எனப்படுகிறது.

வெள்ளணுக்களுக்கு இதைப் பயன்படுத்த, எந்த மரபணு வேறுபாடு எந்த அணுவைக் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். அந்தப் பெரும்பட்டியல் 2020இல் இத்தாலியின் சார்டினியாத் தீவிலிருந்து வந்தது. 3,757 பேரின் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அணுக்களின் 731 பண்புகள் அளக்கப்பட்டு மரபணுக்களோடு பொருத்தப்பட்டன. பின்லாந்தின் ஃபின்ஜென், பிரிட்டனின் யுகே பயோபேங்க் போன்ற பொதுத் தரவுக் களஞ்சியங்களில் கல்லீரல் புற்று நோயாளிகளின் மரபணு விவரம் இருக்கிறது. இரண்டையும் கணினியில் இணைத்தால் ஆய்வு தயார். யாருக்கும் ஊசி போட வேண்டாம், நோயாளியைப் பார்க்கவும் வேண்டாம்.

இந்த வசதியே இதன் பலவீனமும்கூட. 731 பண்புகளை ஒவ்வொன்றாகச் சோதித்து, நூற்றுக்கு ஐந்து என்ற வழக்கமான வரம்பை வைத்தால், எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும் சுமார் முப்பத்தேழு பண்புகள் தற்செயலாகத் தேறிவிடும். ஃபின்ஜென்னில் பங்கேற்பவர்கள் 5 லட்சத்துக்கு மேல் என்றாலும் அவர்களில் இந்தப் புற்று உள்ளவர்கள் சில நூறு பேரே. தவிர, ஒரே மரபணு வெள்ளணுவையும் தொட்டு, வேறு வழியாகக் கல்லீரலையும் தொட்டால் கணக்கு பிசகும். நோய் எதிர்ப்பு மரபணுக்கள் விஷயத்தில் இது அடிக்கடி நடப்பதுதான். ஓர் அணுவின் பெயரைச் சொல்லி இதுதான் குற்றவாளி என்று வரும் செய்திகளை, ஆய்வுக்கூடச் சோதனையும் சேரும்வரை சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

சார்டினியாவின் விடை தென்தமிழகத்தின் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பொருந்துமா என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டு ஊர்களிலும், தென்மாவட்டங்கள் பலவற்றிலும் போலவே, பெண் கொடுப்பதும் எடுப்பதும் தலைமுறை தலைமுறையாகப் பெரும்பாலும் சொந்தச் சமூகத்துக்குள்தான். தெலுங்கு பேசும் ராஜுக்கள், நெசவு செய்யும் சாலியர், மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் பளியர் என்று ஒவ்வொரு குழுவின் மரபணுத் தொகுப்பும் தனித்தே பயணப்பட்டிருக்கும். மாமன் மகள், அக்காள் மகள் என்று முடிக்கும் திருமணங்கள் அதை இன்னும் நெருக்கியிருக்கும். 2017இல் வெளியான ஓர் ஆய்வு தெற்காசியாவின் 263 குழுக்களைப் பார்த்தது. சிறிய முன்னோர் கூட்டத்திலிருந்து பெருகியதன் தடயம், அதற்குப் பேர்போன பின்லாந்து மக்களைவிடவும் அஷ்கெனாசி யூதர்களைவிடவும் 81 குழுக்களில் வலுவாக இருந்தது. சுமார் 10,000 பேரின் மரபணுவைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டம் நல்ல தொடக்கம். ஆனால் அந்த மரபணுக்களோடு வெள்ளணு அளவுகளையும் கல்லீரல் நோய் விவரத்தையும் பொருத்தும் இந்தியத் தரவு பெரிய அளவில் உருவாக வேண்டியிருக்கிறது.

மரபணுவையும் நோய் எதிர்ப்பையும் சேர்த்துப் பார்ப்பது இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் நோய் எதிர்ப்பியல் பேராசிரியராக இருந்த ஆர்.எம். பிச்சப்பன், தென்தமிழகச் சமூகங்களின் எச்எல்ஏ மரபணுக்களைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். கிருமியின் துணுக்கை எடுத்து டி அணுக்களுக்குக் காட்டும் புரதங்களை உருவாக்குபவை இவை. நுரையீரல் காசநோய் உள்ளவர்களிடம் டிஆர்2 என்ற எச்எல்ஏ வகை கூடுதலாக இருப்பதை அவர் குழு பதிவு செய்தது. கல்லீரல் விஷயத்திலும் எச்எல்ஏவுக்குப் பங்கு உண்டு. 2009இல் ஜப்பானிலும் தாய்லாந்திலும் நடந்த ஆய்வு, ஹெபடைடிஸ் பி உடலில் நிரந்தரமாகத் தங்குவதற்கும் எச்எல்ஏ-டிபி மரபணு வேறுபாடுகளுக்கும் தொடர்பு கண்டது. கல்லீரல் புற்றுக்கான பாதை அங்கேயே பிரிகிறது.

அந்தப் பாதையை மரபணு எதுவானாலும் முன்கூட்டியே அடைக்கும் வழி ஏற்கெனவே கையில் உண்டு. தைவானில் 1984இல் பச்சிளம் குழந்தைகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போடத் தொடங்கினர். பத்துச் சொச்சம் ஆண்டுகளில் 6 முதல் 14 வயதுப் பிள்ளைகளிடம் கல்லீரல் புற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. தமிழ்நாட்டில் இந்தத் தடுப்பு மருந்து அடங்கிய ஐந்து நோய்த் தடுப்பூசி 2011 டிசம்பரில் அறிமுகமானது. இன்று அரசு மருத்துவமனையில் பிறக்கும் குழந்தைக்கு 24 மணி நேரத்துக்குள் தொடையில் முதல் ஊசி, பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசி என்பது அட்டவணை. தடுப்பூசித் திட்டம் வருவதற்கு முன் பிறந்தவர்களுக்கு எச்பிஎஸ்ஏஜி என்ற ரத்தப் பரிசோதனை இருக்கிறது. கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் சோதனைகளில் அதுவும் ஒன்று. வைரஸ் தங்கியிருப்பது தெரிந்தால், மருத்துவர் பார்த்து, தேவைப்படுபவர்களுக்கு டெனோஃபோவிர் போன்ற மாத்திரைகளால் அதை அடக்கி வைக்கவும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துக் கட்டி சிறிதாக இருக்கும்போதே பிடிக்கவும் முடியும்.